‘விலைபோய்விட்டார்கள்’ என்று எழுதும் முன்: ஒரு ராக் குழுவைச் சரிபார்ப்பது எப்படி

ஆல்டர்நேட்டிவ் ராக் உலகத்தில் ‘விலைபோய்விட்டார்கள்’ என்பதைவிடக் கடுமையான வசவு கிடையாது. 1985இல் ரீப்ளேஸ்மெண்ட்ஸ் சையர் கம்பெனிக்குப் போனபோது அதைக் கேட்டார்கள். 1986இல் ஹஸ்கர் டூவின் முதல் வார்னர் ஆல்பம் வந்தபோது கேட்டார்கள். சோனிக் யூத், நிர்வாணா, கிரீன் டே, ஜாபிரேக்கர், சம்பவாம்பா என்று வரிசை நீளும். சில குழுக்களுக்கு அது பொருந்தும், பலவற்றுக்குப் பொருந்தாது. எது எது என்று பிரித்துச் சொல்வது முடியாத காரியமில்லை. ஆல்பம் உறை, தேதிகள், பணக் கணக்கு, குழுவே முன்பு சொன்ன சொல் ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இசை பற்றி எழுதுகிறவர்களுக்கும், விவாதத்தில் ஒரு நிலை எடுக்க வேண்டியவர்களுக்குமான வழிமுறை இது. ஒரு ஆல்பத்துக்கு ஒரு மாலைப் பொழுது போதும். தேவையானவை: முதல் பதிப்பின் உறைப் படங்கள் (முன், பின், உள்தாள், தட்டின் நடுவில் ஒட்டிய தாள்), குழு அந்தக் காலத்தில் கொடுத்த பேட்டிகள், ஆல்பத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள், ஒரு நல்ல ஹெட்ஃபோன், கணக்குப் போட ஒரு தாள்.

குற்றச்சாட்டை ஒரே வாக்கியமாக்குங்கள்

‘யார், எந்த ஆண்டில், எதை விட்டுக்கொடுத்து, எதைப் பெற்றார்கள்?’ இந்த நான்குக்கும் விடை உள்ள ஒரு வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால், உங்களிடம் இருப்பது குற்றச்சாட்டு இல்லை, ஒரு வருத்தம். வருத்தத்துக்கும் மதிப்பு உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இந்த வசவுக்குள் குறைந்தது நான்கு வேறு புகார்கள் கலந்துகிடக்கின்றன. சின்ன லேபிளை (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தை) விட்டுப் பெரிய கம்பெனிக்குப் போனது. ஒலி மழுமழுவென்று ஆனது. பாட்டை விளம்பரத்துக்குக் கொடுத்தது. டிக்கெட் விலையும் அரங்கும் ஏறியது. ஒன்றுக்கான ஆதாரத்தை வைத்து இன்னொன்றை நிரூபிப்பதுதான் இந்த விவாதங்களில் அடிக்கடி நடக்கும் தவறு. ‘கெஃபன் என்ற பெரிய கம்பெனியில் சேர்ந்தார்கள், அதனால் ஒலி மாறியது’ என்பார்கள். சேர்ந்ததும் மாறியதும் உண்மையாக இருக்கலாம். ‘அதனால்’ என்ற சொல்லுக்குத் தனியாக ஆதாரம் வேண்டும்.

நான்கு புகாருக்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு. ஒப்பந்தத்துக்குப் பிறகு மிக்ஸ் (தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் கலக்கும் வேலை), உறை, விளம்பரம், டிக்கெட் விலை பற்றிக் கடைசி முடிவு யார் கையில் இருந்தது? மீதி எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான்.

உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

உறையின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு குறிகள் இருக்கும். வட்டத்துக்குள் ‘சி’ இருந்தால் அது உறை ஓவியம், எழுத்து இவற்றின் உரிமை. வட்டத்துக்குள் ‘பி’ இருந்தால் அது ஒலிப்பதிவின் உரிமை, அதாவது மாஸ்டர். நமக்கு வேண்டியது இந்த ‘பி’. அதன் பக்கத்தில் குழுவின் பெயரோ குழு நடத்தும் சிறு நிறுவனத்தின் பெயரோ இருந்து, ‘இன்ன கம்பெனிக்குப் பிரத்தியேக உரிமம்’ என்று தொடர்ந்தால், மாஸ்டர் பெரும்பாலும் குழுவிடமே இருக்கிறது, கம்பெனி வாடகைக்கு எடுத்திருக்கிறது என்று பொருள். கம்பெனி பெயர் மட்டும் இருந்தால் மாஸ்டர் பெரும்பாலும் கம்பெனியுடையது.

ஸ்ட்ரீமிங் செயலியில் ஆல்பத்தின் அடியில் தெரியும் வரியை மட்டும் நம்பாதீர்கள். மறுபதிப்பு, மறு மாஸ்டரிங் (மிக்ஸை வெளியீட்டுக்கு ஏற்பக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை), கம்பெனி கைமாறுதல் என்று ஒவ்வொன்றுக்கும் அந்த வரி மாறும். டேவிட் கெஃபன் தன் கம்பெனியை 1990இலேயே எம்சிஏவுக்கு விற்றுவிட்டார்; பிறகு அது யூனிவர்சலுக்குள் போனது. முதல் அச்சின் படத்தைப் பாருங்கள்.

அடுத்து, ‘சின்ன லேபிள்’ என்று நீங்கள் நினைப்பது உண்மையிலேயே சின்ன லேபிள்தானா என்று பாருங்கள். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் முதல் ஆல்பம் 1991இல் வந்தது கரோலைன் லேபிளில். பார்த்தால் சுயாதீன லேபிள்; உண்மையில் வர்ஜின் என்ற பெரிய கம்பெனிக்குச் சொந்தமானது. பிரிட்டனின் கிரியேஷன் லேபிள் 1992இல் 49% பங்கை சோனிக்கு விற்றது. ஒயேசிஸின் முதல் ஆல்பம் அதே கிரியேஷனில் 1994இல் வருகிறது. சப் பாப் 1995இல் 49% பங்கை வார்னருக்குக் கொடுத்தது. பிரிட்டனில் 1980 முதல் வெளியான ‘இண்டி’ (சுயாதீன) விற்பனைப் பட்டியலுக்குக் கிதார் எப்படி ஒலித்தது என்பது ஒரு தகுதியே அல்ல. தட்டு பெரிய கம்பெனிகளின் வினியோகத்துக்கு வெளியே போனதா என்பதுதான் 2009 வரை தகுதியாக இருந்தது. ஆகவே ‘இண்டியாக இருந்தவர்கள் மேஜருக்கு (பெரிய கம்பெனிக்கு) போனார்கள்’ என்று எழுதும் முன் பழைய லேபிளின் உரிமையாளர் யார், வினியோகஸ்தர் யார் என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உறையிலுள்ள பெயர்களையும் அப்படியே நம்ப முடியாது. நிர்வாணாவின் முதல் ஆல்பமான ‘ப்ளீச்’ (1989) உறையில் ஜேசன் எவர்மன் கிதார் வாசித்ததாக இருக்கும். அவர் அதில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஒலிப்பதிவுச் செலவான 606.17 டாலரைக் கொடுத்தவர் அவர். ஜாபிரேக்கரின் 1994 ஆல்பத்தில் ஒலிப்பதிவாளர் பெயர் ‘ஃப்ளஸ்’ என்று இருக்கும். அது ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியின் பூனை. பதிவு செய்தது ஆல்பினி.

தேதிகளை ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள்

இந்த ஒரு வேலையிலேயே பாதிக் குற்றச்சாட்டுகள் உதிர்ந்துவிடும். ஐந்து தேதிகள் போதும்: தயாரிப்பாளரோடு முதல் பதிவு, ஒப்பந்தக் கையெழுத்து, ஆல்பம் பதிவு, மிக்ஸ், வெளியீடு.

‘நெவர்மைண்ட்’ பற்றிக் காலங்காலமாகச் சொல்லப்படுவது இது: பெரிய கம்பெனி பணம் கொடுத்தது, வழுவழுப்பான தயாரிப்பாளரைத் திணித்தது, குழு தலையாட்டியது. தேதிகளைப் போட்டுப் பாருங்கள். புட்ச் விக்கோடு நிர்வாணா முதலில் பதிவு செய்தது 1990 ஏப்ரலில், விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள ஸ்மார்ட் ஸ்டூடியோவில். அப்போது அவர்கள் சப் பாப் குழு. ‘இன் ப்ளூம்’, ‘லித்தியம்’ பாடல்களின் முதல் வடிவங்கள் அங்கே பதிவானவை. ‘பாலி’ பாடலின் பதிவு அங்கிருந்து நேராக ஆல்பத்துக்கே வந்தது. கெஃபனின் கிளை லேபிளான டிஜிசியோடு கையெழுத்தானது 1991 ஏப்ரல் இறுதி. சவுண்ட் சிட்டியில் ஆல்பம் பதிவு தொடங்கியது மே மாதம். வெளியீடு செப்டம்பர் 24. தயாரிப்பாளரும் பாடல்களும் கம்பெனிக்கு முன்பே இருந்தவை.

கம்பெனிக் காலத்தில் புதிதாக வந்தது மிக்ஸ். அதைச் செய்தவர் ஆண்டி வாலஸ். அந்த மிக்ஸைக் கேட்டால் தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று பாடகர் கர்ட் கோபேனே பின்னாளில் சொன்னார். ஆகவே நேர்மையான குற்றச்சாட்டு ‘நெவர்மைண்டின் மிக்ஸ் வானொலிக்காக மெருகேற்றப்பட்டது’ என்பதோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் தேதிகள் இடிக்கும்.

இன்னொரு விஷயம். சப் பாப்பிடமிருந்து குழுவை விடுவிக்க கெஃபன் பணம் கொடுத்தது, விற்பனையிலும் பங்கு கொடுத்தது. நெவர்மைண்ட் உறையில் சப் பாப் சின்னமும் இருக்கிறது. கடனில் தத்தளித்த சப் பாப்பை நிமிர்த்தியது அந்தப் பங்குதான். ஒரு குழு ‘விலைபோன’ பணத்தில் எந்தச் சின்ன லேபிள் பிழைத்தது என்பதும் உங்கள் தாளில் ஒரு வரியாக இருக்கட்டும்.

காதால் சோதிக்கும்போது

‘ஒலி மாறிவிட்டது’ என்ற புகாரை ஒரே நினைப்பில் தீர்த்துவிட முடியாது. பாடல், பதிவு, மிக்ஸ், மாஸ்டரிங் என்று நான்கு அடுக்குகள் உண்டு. எந்த அடுக்கில் மாற்றம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

முதலில் சத்த அளவைச் சமமாக்குங்கள். இரண்டு பதிப்புகளில் ஒன்று 1 டெசிபல் உரக்க ஒலித்தாலே காது அதை ‘தெளிவு’, ‘மெருகு’ என்று எடுத்துக்கொள்ளும். 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த மறுபதிப்புகள் பல, முதல் பதிப்பைவிட நிறைய உரக்க மாஸ்டர் செய்யப்பட்டவை. ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் சத்தத்தைச் சமப்படுத்தும் அமைப்பை இயக்குங்கள்; ஸ்பாட்டிஃபையில் அது வழக்கமாக மைனஸ் 14 லஃப்ஸ் (காதில் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவரும். கோப்புகளாக வைத்திருந்தால் இலவச ஒலித் தொகுப்பு மென்பொருளில் லஃப்ஸ் அளந்து, உரக்க இருப்பதைக் குறையுங்கள். மெலிந்ததை ஏற்றாதீர்கள், உச்சங்கள் வெட்டுப்படும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பாடகரின் குரல் ஸ்னேர் டிரம்முக்கு முன்னால் நிற்கிறதா, பின்னாலா? குரல் ஒற்றையா, இரட்டையாகப் பதிவு செய்ததா? டிரம் ஒலி அறையின் இயல்பான எதிரொலியா, பின்னால் சேர்த்ததா? கிதார் இரு பக்கமும் அகன்று விரிகிறதா?

இதற்கு மிகச் சிறந்த பயிற்சிப் பாடம் நிர்வாணாவின் ‘இன் யூட்டெரோ’. 1993 பிப்ரவரியில், மின்னசோட்டாவின் கேனன் ஃபால்ஸில் உள்ள பேக்கிடெர்ம் ஸ்டூடியோவில் ஆல்பினி பதிவு செய்தார். விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் வேலைக்காரருக்குக் கொடுப்பதுபோல் வேலைக்குக் கூலி கொடுங்கள் என்று குழுவுக்குக் கடிதம் எழுதி, 1,00,000 டாலர் மட்டும் வாங்கிக்கொண்டார். பதிவைக் கேட்ட கம்பெனிக்குப் பிடிக்கவில்லை என்ற செய்தி அந்த ஏப்ரலில் பத்திரிகைகளில் வந்தது. கடைசியில் ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’, ‘ஆல் அப்பாலஜீஸ்’ இரண்டையும் ஆர்.ஈ.எம். குழுவோடு வேலை செய்த ஸ்காட் லிட் மறுமிக்ஸ் செய்தார். மற்றப் பாடல்கள் ஆல்பினியின் மிக்ஸிலேயே வந்தன. மாஸ்டரிங் பாப் லட்விக்.

அந்த இரண்டு பாடல்களின் ஆல்பினி மிக்ஸும் 2013 மறுபதிப்பில் இருக்கிறது. அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’ தனிக் கிதார் இடத்தில் ஆல்பினி மிக்ஸில் ஒலி நெளியும். ஒரு எஃபெக்ட் போட்டிருப்பார்கள். லிட் மிக்ஸில் அது போய்விட்டது. கூடவே கோபேன் மே மாதம் சியாட்டிலில் புதிதாகப் பாடிச் சேர்த்த இணைக்குரலும் அக்கௌஸ்டிக் கிதாரும் வந்திருக்கும். இப்போது எழுதலாம்: ‘ஆல்பத்தின் இரண்டு பாடல்கள் மென்மையாக்கப்பட்டன; மென்மையாக்கும் வேலையில் பாடகரும் கலந்துகொண்டார்’. ‘கம்பெனி ஆல்பத்தையே மாற்றிவிட்டது’ என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

கரடுமுரடான ஒலியை நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதும் இதே தவறின் மறுபக்கம். ‘ப்ளீச்’ அப்படி ஒலிப்பதற்குக் காரணம் சுமார் 30 மணி நேரமும் 606 டாலரும்தான். பணம் இருந்தால் குழு வேறு மாதிரிப் பதிவு செய்திருக்கும் என்று அடுத்த ஆண்டே ஸ்மார்ட் ஸ்டூடியோ பதிவுகள் காட்டுகின்றன.

உடல் காரணங்களையும் மறக்காதீர்கள். ஜாபிரேக்கரின் ‘டியர் யூ’ (1995, டிஜிசி) வந்தபோது பாடகர் பிளேக் ஷ்வார்ட்சன்பாக்கின் குரல் வழவழப்பாகிவிட்டது, கம்பெனி கெடுத்துவிட்டது என்றார்கள். அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது அதற்கு முந்தைய ஆல்பத்துக்கும் முன்னால். தயாரிப்பாளர் ராப் கவாலோ ஏற்றிய மெருகு உண்மை. குரல் மாற்றத்தை முழுக்க அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பணக் கணக்கு

விலைபோனவர்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்ற நினைப்புதான் இந்த வசவின் அடித்தளம். அதைச் சோதிக்க 1993இல் ஆல்பினி ‘பாஃப்லர்’ இதழில் போட்டுக் காட்டிய மாதிரிக் கணக்கு இன்றும் உதவும். ஒரு நால்வர் குழு பெரிய கம்பெனியில் 2,50,000 டாலர் முன்பணம் வாங்குகிறது. அதிலிருந்து மேலாளருக்கு 15%, அதாவது 37,500. வக்கீலுக்கு 10,000. ஒலிப்பதிவுக்கு 1,50,000. வீடியோவுக்கு 30,000. முன்பணம் அங்கேயே பெரும்பாலும் கரைந்துவிட்டது.

ஆல்பம் 2,50,000 பிரதிகள் விற்கிறது. சின்ன லேபிளில் கனவிலும் வராத எண்ணிக்கை. சில்லறை விலை 12 டாலர், மொத்தம் 30 லட்சம். அதில் 90 சதவீதத்துக்கு மட்டும் 13% ராயல்டி: 3,51,000 டாலர். இனி கழித்துக்கொண்டே வாருங்கள். முன்பணம் 2,50,000. தயாரிப்பாளரின் பங்கு 40,000. விளம்பரச் செலவு 25,000. பழைய லேபிளிடமிருந்து விடுவித்த தொகை 50,000. மிச்சம் மைனஸ் 14,000. குழு கம்பெனிக்குக் கடன்பட்டிருக்கிறது. அதே ஆல்பத்தில் கம்பெனியின் லாபம் 7,10,000. சுற்றுப்பயணம், டி-சர்ட் எல்லாம் சேர்த்து உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் நின்றது 4,031 டாலர் 25 சென்ட்.

முன்பணம் என்பது ராயல்டியிலிருந்து மட்டும் அடைக்க வேண்டிய கடன். அடையாவிட்டால் வீட்டை எழுதிக் கேட்க மாட்டார்கள். ஆனால் அடுத்த ஆல்பத்தின் ராயல்டியிலும் அதைக் கழிப்பார்கள். ‘ஏழு ஆல்ப ஒப்பந்தம்’ என்று செய்தி வந்தால், அதில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் உறுதி. மீதி ஆல்பங்களைக் கேட்கலாமா வேண்டாமா என்ற விருப்பம் கம்பெனிக்கு மட்டும் உண்டு, குழுவுக்கு இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். செலவு போக லாபத்தில் ஆளுக்குப் பாதி என்ற முறையில் ஒரு சின்ன லேபிள். 15,000 பிரதிகள் விற்கின்றன. வினியோகஸ்தரிடமிருந்து பிரதிக்கு 6 டாலர், மொத்தம் 90,000. பதிவுக்கு 5,000, தட்டு அச்சிட 18,000, விளம்பரத்துக்கு 7,000, ஆகச் செலவு 30,000. லாபம் 60,000. குழுவுக்குப் பாதி 30,000. நால்வரில் ஒருவருக்கு 7,500. பதினாறில் ஒரு பங்குகூட எட்டாத விற்பனையில், தட்டிலிருந்து மட்டும், கையில் கூடுதல் பணம்.

இந்தக் கணக்கை ஒப்பிக்கிறவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு: பாடல் எழுதியவருக்குப் போகும் மெக்கானிக்கல் ராயல்டி. வழக்கமான ஒப்பந்தத்தில் இது முன்பணக் கடனில் சேராமல் தனியாகக் கிடைக்கும். 1993இல் அமெரிக்கச் சட்டம் வைத்த விகிதம் ஒரு பாடலுக்கு, ஒரு பிரதிக்கு 6.25 சென்ட். கம்பெனிகள் வழக்கமாக அதில் 75% மட்டும், அதுவும் பத்துப் பாடல் வரைதான் கொடுக்கும். பிரதிக்குச் சுமார் 47 சென்ட். 2,50,000 பிரதிக்குச் சுமார் 1,17,000 டாலர். ஆல்பினியின் தாளில் இந்த வரவு 20,000 டாலர் பதிப்புரிமை முன்பணமாக மட்டுமே தெரியும். குழுவில் ஒருவரே பாடல்களை எழுதினால் இந்தப் பணம் அவர் ஒருவருக்கு. ஒரே வேனில் போகிற நால்வரில் ஒருவர் வீடு வாங்க, மற்றவர்கள் வாடகைக்குத் தவிப்பது இதனால்தான். உறையில் ‘பாடல்கள்’ என்ற வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ‘குழு விலைபோனது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது ஏன் தவறு என்று அங்கே புரியும்.

சின்ன லேபிள் என்றால் எல்லாம் சுமுகம் என்றும் இல்லை. சிகாகோவின் டச் அண்ட் கோ லேபிள் பட்ஹோல் சர்ஃபர்ஸோடு வாய்மொழியாகத்தான் ஒப்பந்தம் வைத்திருந்தது: லாபம் பாதிப் பாதி, காலவரை எதுவும் பேசவில்லை. குழு பிறகு உரிமையைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குழுவின் பக்கம் தீர்ப்பளித்தது. காலவரை இல்லாத ஒப்பந்தத்தை இல்லினாய் சட்டப்படி எப்போது வேண்டுமானாலும் முறித்துக்கொள்ளலாம் என்பதே காரணம். கைகுலுக்கி முடித்த ஒப்பந்தம் நேர்மையின் அடையாளம் என்று யாராவது சொன்னால் இந்த வழக்கை எடுத்துக் காட்டுங்கள். குழு நடத்துகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது: எத்தனை ஆண்டு, எந்த நாடுகளுக்கு, முடிந்ததும் மாஸ்டர் யாருக்கு என்ற மூன்றையும் நண்பனோடு என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் பாட்டு வந்தால்

விளம்பரத்தில் ஒரு பதிவைப் பயன்படுத்த இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று பாடலுக்கு; அது எழுதியவரிடமோ அவருடைய பதிப்பகத்திடமோ இருக்கும். மற்றொன்று மாஸ்டருக்கு, அது பெரும்பாலும் லேபிளிடம். வேறு யாரோ பாடிய வடிவம் வந்திருந்தால் பழைய குழுவின் மாஸ்டர் அங்கே இல்லவே இல்லை. எழுதியவர் மட்டும் சம்மதித்திருக்கலாம், மற்ற உறுப்பினர்களிடம் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

சில நேரம் அது அவர்கள் பாட்டே இல்லை. 2012இல் ஃபோக்ஸ்வாகன் விளம்பரத்துக்குப் பாட்டுக் கேட்டு பீச் ஹவுஸ் குழுவிடம் போனார்கள். குழு மறுத்தது. அதே சாயலில் வேறொரு பாட்டுச் செய்து ஒளிபரப்பினார்கள். கேட்டவர்கள் பீச் ஹவுஸ்தான் கொடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். எனவே பாட்டை அடையாளம் கண்டு, பாடியவர் யார் என்று உறுதி செய்த பிறகே எழுதத் தொடங்குங்கள்.

கொடுத்தது உறுதியானால், பணம் எங்கே போனது என்று கேளுங்கள். அராஜகவாதக் குழுவான சம்பவாம்பா 2002இல் ஜெனரல் மோட்டார்ஸ் விளம்பரத்துக்கு ஒரு பாட்டைக் கொடுத்து, வந்த பணத்தை இண்டிமீடியா, கார்ப்வாட்ச் இரண்டுக்கும் கொடுத்தது. முதலாவது மாற்று ஊடக அமைப்பு, இரண்டாவது பெருநிறுவனங்களைக் கண்காணிக்கிற அமைப்பு. இதை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் தீர்மானம். பணம் போன இடத்தைச் சொல்லாமல் விட்டு அவர்களைத் திட்டுவதற்கு மட்டும் யாருக்கும் உரிமையில்லை.

கடை அலமாரி, டிக்கெட், அரங்கு

வால்மார்ட், கேமார்ட் கடைகள் ‘இன் யூட்டெரோ’வை அடுக்க மறுத்தன, பின்னட்டைப் படமும் ‘ரேப் மீ’ என்ற தலைப்பும் காரணம். 1994 மார்ச்சில் அவர்களுக்கென்று தனிப் பதிப்பு வந்தது. படம் திருத்தப்பட்டது, தலைப்பு ‘வெய்ஃப் மீ’ ஆனது, ‘பென்னிராயல் டீ’ பாடலுக்கு லிட்டின் மிக்ஸ் போடப்பட்டது. இது பச்சையான சமரசம், மறைக்க ஒன்றுமில்லை. கோபேன் சொன்ன காரணமும் பதிவில் இருக்கிறது: சின்ன ஊர்ப் பையனாக இருந்தபோது தட்டு வாங்க அவருக்கு அந்த மாதிரிக் கடைகள் மட்டுமே இருந்தன. சமரசத்தையும் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றை எழுதி மற்றதை விடுவது பாதிப் பொய்.

டிக்கெட் விலையில் ஃபுகாஸி குழுதான் அளவுகோல். பெரும்பாலும் 5 டாலர் டிக்கெட், எல்லா வயதினருக்கும் அனுமதி, தங்கள் சொந்த டிஸ்கார்ட் லேபிள். இதை வைத்து மற்றவர்களை அளப்பதற்கு முன் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த விலை சாத்தியமானதற்குக் காரணம் குழு செலவைக் குறைவாக வைத்து, மேலாளர் இல்லாமல் தாங்களே நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தது. 15,000 பேர் அமரும் அரங்கில் ஒலி, ஒளி, காவல், காப்பீடு என்று செலவு வேறு கணக்கு.

பெர்ல் ஜாம் அந்தப் பெரிய அரங்கிலேயே போராடிப் பார்த்தது. டிக்கெட் 20 டாலருக்குள் இருக்க வேண்டும், சேவைக் கட்டணம் 10% தாண்டக்கூடாது என்று கேட்டு, 1994இல் டிக்கெட் விற்கும் நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் மீது அமெரிக்க நீதித்துறையிடம் புகார் கொடுத்தது. ஜூன் 30 அன்று குழு உறுப்பினர்கள் ஸ்டோன் கோசார்டும் ஜெஃப் ஏமெண்டும் நாடாளுமன்றக் குழுமுன் சாட்சி சொன்னார்கள். 1995இல் டிக்கெட்மாஸ்டர் இல்லாமல் சுற்றுப்பயணம் போய்ப் படாதபாடு பட்டார்கள். அந்த ஜூலையில் நீதித்துறை விசாரணையை மூடியது. 1998இல் குழு டிக்கெட்மாஸ்டருக்கே திரும்பியது. இதை விலைபோனது என்று எழுதுகிறவர்கள் தோற்றதையும் விற்றதையும் ஒன்றாக்குகிறார்கள். பெரிய அரங்குகள் டிக்கெட்மாஸ்டரோடு பிரத்தியேக ஒப்பந்தத்தில் இருந்தன. முடிவெடுக்கும் உரிமை குழுவின் கையில் இருக்கவேயில்லை.

குழு சொன்ன சொல்

ஒரு குழு எடுக்காத சபதத்தை மீறியதாகக் குற்றம்சாட்ட முடியாது. பேட்டிகளில் தேடுங்கள்: ‘பெரிய கம்பெனிக்குப் போகமாட்டோம்’ என்று அவர்களே சொன்னார்களா, எந்தத் தேதியில்?

ஜாபிரேக்கர் சொன்னது. 1993 அக்டோபரில் நிர்வாணாவின் நிகழ்ச்சிகளில் தொடக்கக் குழுவாக வாசித்ததற்கே வசவு வாங்கியவர்கள் அவர்கள். மேஜருக்குப் போகப்போவதில்லை என்று மேடையிலிருந்தே சொன்னார்கள். பிறகு போனார்கள். ‘டியர் யூ’ பாடல்களை வாசித்தபோது ரசிகர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். 1996இல் குழு கலைந்தது. சம்பவாம்பா இன்னும் வெளிப்படை: 1989இல் ஈஎம்ஐ என்ற பெரிய இசைக் கம்பெனியைத் திட்டுவதற்கென்றே வந்த தொகுப்பில் பாடியவர்கள், 1997இல் ஈஎம்ஐயோடு கையெழுத்திட்டார்கள். இந்த இரண்டு இடத்திலும் ‘சொன்ன சொல்லை மீறினார்கள்’ என்று தயங்காமல் எழுதலாம்.

கிரீன் டே கதை வேறு. பெர்க்லியில் தன்னார்வலர்கள் நடத்தும் 924 கில்மன் அரங்குக்கு ஒரு விதி உண்டு: பெரிய கம்பெனிக் குழுக்களுக்கு மேடை கிடையாது. 1994இல் ‘டூக்கி’யை வெளியிட்ட ரிப்ரீஸ் என்ற பெரிய கம்பெனி லேபிளோடு 1993இல் கையெழுத்திட்டபோது அந்த விதி கிரீன் டேயின் மேல் விழுந்தது. சின்ன அரங்கையும் அடுத்து வரும் பொடிக் குழுக்களுக்கான இடத்தையும் காப்பாற்ற வந்த வீட்டு விதி அது. அதைக் குழுவின் நேர்மை மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015 மே மாதம் ஓர் உதவி நிதி நிகழ்ச்சிக்காக அவர்கள் அதே கில்மனில் வாசித்தார்கள்.

முதலில் தள்ளிவைத்த வருத்தத்துக்கு இங்கேதான் இடம். நூறு பேர் நின்ற அறையில் வேர்க்க விறுவிறுக்கக் கேட்ட குழு, பத்தாயிரம் பேர் முன் திரையில் தெரியும்போது ரசிகருக்கு உண்மையிலேயே ஒன்று பறிபோகிறது. நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் நின்று பேச முடியாது, டிக்கெட் எட்டாது, பதினாறு வயதுப் பையனை மதுக்கூடத்துக்குள் விடமாட்டார்கள். இதை இழப்பு என்றே எழுதுங்கள். துரோகம் என்று பெயர் மாற்றினால், ஆதாரம் காட்டச் சொல்லும்போது கையில் ஒன்றும் இருக்காது.

தீர்ப்பை எழுதும்போது

ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். உரிமை, ஒலி, பணம், பயன்பாடு, சொன்ன சொல். ஒவ்வொன்றுக்கும் தேதியோடு ஒரு வரி. தெரியாத வரியை விட்டுவிடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். ஜாபிரேக்கருக்கு இப்படி வரும்: ‘1995இல் டிஜிசியில் ஆல்பம். தயாரிப்பு மெருகேறியது, குரல் மாற்றத்துக்கு அறுவை சிகிச்சையும் காரணம். குழு மறு ஆண்டே கலைந்தது. வெளியே சொன்ன சொல் மீறப்பட்டது. ஆல்பம் சந்தையிலிருந்து மறைந்து, 2004இல் டிரம்மர் ஆடம் ஃபாலரின் சொந்த லேபிளான பிளாக்பால் மூலம் மறுபடி வந்தது.’

இதைப் படிப்பவர் ‘விலைபோனார்கள்’ என்றோ ‘இல்லை’ என்றோ தாமே முடிவு செய்துகொள்ளட்டும். எழுதிய பிறகு பழைய பேட்டியோ நீதிமன்ற ஆவணமோ புதிதாகக் கிடைத்தால், பழைய வரியை அழிக்காமல், கீழே தேதி போட்டுத் திருத்தத்தைச் சேருங்கள்.